தரம் ஒன்றுக்குக் கொடுத்த வாக்கு

நைனா,

வெள்ளிக்கிழமை நீ சபைக் குழுவோடு இலங்கைக்குக் கிளம்புகிறாய். சபைப் பத்திரிகைக்காக பாஸ்டர் என்னைக் கேட்டார்: "நீங்கள் முன்பு போய் வந்தவர், இந்த முறை போகிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள்." பொதுவாக எல்லோருக்கும் எழுத எனக்கு வரவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்தேன். படித்தால் மளிகைக் கடை நோட்டீஸ் மாதிரி இருந்தது. அதனால் உனக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், உன் அப்பா உள்ளே சற்றுக் கண்ணயரும்போது, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் யாராவது வந்தால் எழுந்து போய்த் திரும்ப வருவேன். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ லீவு போட்டிருந்த அன்று, கடை வாசலில் நின்று, நீ போகப்போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வீடியோவில் பேசினாயே, நான் பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். விளையாட இடம் இல்லை என்று ஒரு பையன் சொன்னான். நீ உடனே, "அண்ணன் வர்றேன்ல, கிரவுண்டு ரெடி பண்ணிக் குடுத்துர்றேன், கவலையே படாதீங்கோ!" என்றாய். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். உனக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத் தராசில் கை நின்றுவிட்டது. வாங்க வந்தவர், "இன்னாக்கா, முள்ளு நேரா கீது, போடுக்கா" என்று சொல்லும் அளவுக்கு நின்றேன். உன்னைக் கண்டிக்க அல்ல இதைச் சொல்வது. அதே பள்ளிக்கூடத்தில், அதே மாதிரி ஒரு சந்தோஷத்தில், நானும் ஒரு வாக்குக் கொடுத்தேன். அது என்ன ஆயிற்று என்று உனக்கு முழுதாகத் தெரியாது. உனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா இலங்கைக்குப் போனாள், தேயிலைத் தூள் வாங்கி வந்தாள், அவ்வளவுதான்.

நான் போனதே ஒரு தற்செயல். குழுவில் நாலைந்து பெண் பிள்ளைகள் இருந்தார்கள். பெரிய மனுஷி ஒருத்தி கூட வந்தால்தான் அனுப்புவோம் என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். சபையில் பாஸ்போர்ட் வைத்திருந்த பெண்கள் கொஞ்சம் பேர்தான். எருசலேம் பயணம் என்று ஒரு காலத்தில் எல்லோரும் ஆசைப்பட்டு எடுத்து, அந்தப் பயணம் நடக்காமலேயே போனதே, அந்த பாஸ்போர்ட் என்னிடம் பீரோவில் புதுசாகவே கிடந்தது. நீ அப்போது கல்லூரி முடித்த புதிது. "மா, நீ போய் அங்க இன்னா பண்ணப் போற? இங்கிலீசும் தெரியாது, பாட்டும் வராது" என்று சிரித்தாய். தப்பாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னாய். உன் அப்பாதான், சீனி மூட்டையைப் பிரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஏட்டி, போயிட்டு வா. கடைய நான் பாத்துக்கிடுதேன். எங்க ஊரு தூத்துக்குடிக்கு அந்தால இருக்கிற நாடுதான, சந்திரமண்டலமா?" அவர் அப்படிச் சொன்ன பிறகு எனக்குப் போகாமல் இருக்க ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

கொழும்பில் இறங்கி, வேனில் ஏறி, அட்டன் என்கிற ஊரையும் தாண்டி மலை மேலே போனோம். வளைந்து வளைந்து போகிற பாதை. இரண்டு பக்கமும் தேயிலை. நம் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னாலேயே வாழ்ந்த கண்ணுக்கு அவ்வளவு பச்சையைப் பார்க்க ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது. பள்ளிக்கூடம் ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் உள்ளே போனதும் ஒரு பெண் ஓடிவந்து, "அதிபர் வாறா, அதிபர் வாறா" என்றாள். அந்த நாட்டு அதிபரே நம்மைப் பார்க்க வருகிறார் போலிருக்கிறது என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்து, கூட வந்த பெண் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வந்தவர் குடையை மடக்கிக்கொண்டே வந்த ஓர் ஒல்லியான அம்மாள். அங்கே தலைமை ஆசிரியரைத்தான் அதிபர் என்பார்களாம். யோகேஸ்வரி டீச்சர். வடக்கே பருத்தித்துறை ஊர்க்காரர். அதிபர் என்றதும் நான் பயந்த கதையைப் பிறகு அவரிடமே சொன்னேன். அந்த மனுஷி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

குழுவில் எல்லோருக்கும் வேலை இருந்தது. பாட்டு, பொம்மலாட்டம், ஆங்கிலம், சுவருக்கு வண்ணம். எனக்குத்தான் ஒன்றும் இல்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவ லீவில் போயிருந்ததால் அந்தப் பிள்ளைகள் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவராக வந்த செல்வின் தம்பி, "ஆன்ட்டி, நீங்க இவங்களோட சும்மா உக்காந்துக்கோங்க போதும்" என்றார். தரம் ஒன்று என்பார்கள் அங்கே. ஆறு வயசுப் பிள்ளைகள். கன்னமெல்லாம் குளிரில் வெடித்திருக்கும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது கடை ஒன்றுதானே. வாசலில் கிடந்த கூழாங்கல், காய்ந்த இலை, குச்சி எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பி, கடை போட்டேன். "இன்னா வோணும்?" என்றேன். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் வகுப்பு முழுக்க ஆளுக்கொரு கடை, ஆளுக்கொரு "இன்னா வோணும்?" மறுநாள் யோகேஸ்வரி டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன செய்யிறீங்கள் பிள்ளையள்?" என்று கேட்டார். ஒரு குட்டிப் பயல் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "சும்மா குந்திகினு கீறோம் டீச்சர்" என்றான். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தர்ஷினி என்று ஒரு பெண் என் கடையில் உப்பு வாங்க வந்தாள். இரண்டு பல் விழுந்த வாய். வாங்கிக்கொண்டு போகாமல், "உப்பு எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். "கடல்லேருந்து" என்றேன். "கடல் எப்புடி இருக்கும்?" என்றாள். நான் சுற்றிப் பார்த்தேன். ஒரு பிள்ளையும் கடலைப் பார்த்ததில்லை, நைனா. தீவில் பிறந்த பிள்ளைகள். ஒரு நாள் பஸ் பிடித்துப் போனால் கடல். யாரும் பார்த்ததில்லை. நான் சாக்பீஸை எடுத்துப் பலகையில் ஒரு கோடு போட்டேன். "இவ்ளோதான். மேல வானம், கீழ கடலு" என்றேன். அவர்களுக்குப் போதவில்லை. கீழே இருக்கிற அணைக்கட்டு மாதிரியா? அதைவிடப் பெருசா? சரிவில் ஓடிவிடாமல் எப்படி நிற்கிறது? மறுகரை தெரியுமா? தெரியாது என்றால் மறுகரையில் யார் இருக்கிறார்கள்? "நான்தான் கீறேன், எங்க கடை கீது" என்றேன். சிரித்தார்கள். பிறகு தர்ஷினி கேட்டாள்: "நீங்க ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போவீங்களா?" இல்லை என்றேன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கடல். கல் கொட்டிய கரை. அங்கே போய் நின்று எத்தனை வருஷம் ஆயிற்று என்றே எனக்கு நினைவில்லை. பக்கத்தில் இருந்தும் போகவில்லை என்பதை அந்தப் பிள்ளைகளால் நம்ப முடியவில்லை. நான் ஏதோ மறைக்கிறேன் என்பது போலப் பார்த்தார்கள்.

"எங்களைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று தர்ஷினி கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "ஆங், கூட்டினு போறேன்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. வகுப்பே எழுந்து குதித்தது. சாயந்திரம் கொழுந்து பறித்துவிட்டுக் கூடையோடு இறங்கி வந்த அம்மாக்கள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று, "எப்பங்க கடலுக்குப் போறீங்க? நாங்களும் வரலாமா?" என்று கேட்டார்கள். லயத்துக்கு லயம், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கெல்லாம், செய்தி போய்விட்டது. எப்போது, எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனாலும், உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சாயந்திரம் எனக்கு ரொம்பப் பெருமையாகவும் இருந்தது.

அன்றே யோகேஸ்வரி டீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் பேசினார். கோபமாகப் பேசவில்லை. "அக்கா, பிள்ளையளுக்கு நீங்கள் ஒண்டைச் சொல்லிப்போட்டு பிளேன் ஏறிப் போயிடுவீங்கள். நாளைக்கு அதுகள் வந்து என்னைத்தான் கேக்குங்கள். உங்களுக்கு முன்னம் வந்தவை நூலகம் எண்டு சொன்னவை. அதுக்கு முன்னம் வந்தவை கம்பியூட்டர் எண்டு சொன்னவை. நல்ல ஆக்கள்தான், ஒருத்தரும் பொய் சொல்லேல்லை. சந்தோசத்திலதான் சொன்னவை. ஆனால் பாருங்கோ, பிள்ளையள் இப்ப ஆரையும் நம்புறேல்லை. உங்களை நம்பிட்டுதுகள். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

எனக்கு நீ நினைவுக்கு வந்தாய். உனக்கு ஏழு வயசு இருக்கும். நம் கடைக்கு வரும் துறைமுகத்து ஆள் ஒருவர், பையனைக் கூட்டிவாங்க, உள்ளே கப்பல் காட்டுகிறேன் என்று சொல்ல, உன் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை கப்பல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார். நீ பிறந்தநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை நீயே வாரிக்கொண்டு, காலையிலிருந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாய். அந்த ஆள் வரவே இல்லை. பாஸ் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னார், அது நிஜமாகவும் இருக்கும். அப்பா உன்னைக் காசிமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விசைப்படகு காட்டினார். "இது போட்டு. கப்பல் இல்ல" என்று மட்டும் சொன்னாய். அழவில்லை. அடம் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நீ கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. உன் அப்பா இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

கிளம்புகிற அன்று பிள்ளைகள் வேனுக்குப் பின்னாலேயே ஓடிவந்து, "கடலுக்கு! கடலுக்கு!" என்று கத்தினார்கள். மற்றவர்கள் டாட்டா என்று நினைத்துக் கையசைத்தார்கள்.

ஊருக்கு வந்ததும் சபைக் கமிட்டியில் கேட்டேன். அடுத்த முறை கூரைக்கும் கழிப்பறைக்கும்தான் முடிவு ஆகியிருக்கிறது, கடல் பார்ப்பதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கழிப்பறையை நானே பார்த்திருக்கிறேன். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். டீச்சருக்குப் போன் போட்டேன். "மறக்கல டீச்சர், அதைச் சொல்லத்தான் கூப்ட்டேன்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். அடுத்த வாரமும் போட்டேன். அதற்கடுத்த வாரமும். எத்தனை வாரம் அந்த "சரி" மட்டுமே கிடைத்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். பிறகு ஒரு நாள், "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லி, போனைத் தரம் ஒன்றில் கொண்டுபோய் வைத்தார். தர்ஷினிதான் முதலில் வந்தாள். கடலுக்கு எப்போது என்று கேட்கப் போகிறாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு. "இன்னைக்குக் கடல் என்ன கலர்?"

எனக்குத் தெரியவில்லை. இரு, பார்த்துச் சொல்கிறேன் என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். உன் அப்பா, "ஏட்டி, ஆளு நிக்காவ, எங்க போற?" என்றார். "கடலு இன்னா கலருன்னு பாத்துட்டு வந்துர்றேங்க." வாசலில் நின்ற ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டைக் கடந்து, லாரிகளுக்கு நடுவில் புகுந்து, கல் மேல் ஏறி நின்றேன். கரையோரம் பழுப்பு, அதைத் தாண்டிச் சாம்பல் பச்சை, தொலைவில் நங்கூரம் போட்ட கப்பல்களுக்குப் பக்கத்தில் அசல் நீலம். ஒரே கடலில் இத்தனை இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். அங்கே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த தேசம்மா, நம்மிடம் அரிசி வாங்குகிற அதே தேசம்மா, "இன்னாக்கா, கடலப் பாக்கவா வந்தே? அது எங்க ஓடிடப் போவுது?" என்றாள். "ஒரு பொண்ணு கேட்டுச்சு" என்று போனைக் காட்டினேன். தேசம்மா போனை வாங்கி, "இன்னா கண்ணு, கடலு கலரா? காத்து திரும்புச்சுன்னா கலரும் திரும்பிடும்மா. நாளைக்கிக் கேளு, வேற சொல்றேன்" என்றாள். அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாள் நான் கடலுக்குப் போகிறேன். நீ வேலைக்குப் போன பிறகு நடந்ததால் உனக்குத் தெரியாது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்ததற்கு டாக்டர் மாத்திரை காரணம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

அதனால் கிரவுண்டு விஷயத்தில் நான் உன்னைத் தடுக்கவில்லை. அங்கே போனதும் பையை வைத்துவிட்டு முதலில் யோகேஸ்வரி டீச்சரிடம் உட்கார்ந்து பேசு. தேநீர் கொடுத்தால் நிதானமாகக் குடி. அந்தத் தோட்டத்து அப்பாக்கள் அந்தச் சரிவைத் தினமும் பார்க்கிறவர்கள். எங்கே வெட்டினால் மண் சரியும் என்று அவர்களுக்கும் ஓர் எண்ணம் இருக்கும். அவர்கள் மண்வெட்டி எடுத்தால் நீ கூடையைப் பிடி. இந்த வருஷம் முடியாது என்று சொன்னால், பிள்ளைகளிடம் நீயே போய், உன் வாயாலேயே, "அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்" என்று சொல். அதை டீச்சர் தலையில் கட்டிவிட்டு வந்துவிடாதே. உன் பொம்மலாட்டத்தையும் காட்டு, கிடாரையும் வாசி, எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் நீ வந்த பிறகும் கூப்பிட்டுப் பேசு. பத்து நாள் பழகி மறந்துபோகிற ஆட்களை அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். வாரம் தவறாமல் கூப்பிடுகிற ஆள்தான் அவர்களுக்கு வேடிக்கை.

கடல் என்ன ஆயிற்று என்று கேட்பாய். நான் போய் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை, கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். போன் அடித்தது. டீச்சர். எடுத்தால் ஒரே இரைச்சல். சிக்னல் சரியில்லை என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். "அக்கா, நாங்கள் நீர்கொழும்பில நிக்கிறம்" என்றார். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த இரைச்சல் அலை. பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, இந்தியாவிலிருந்து அந்த அக்கா வரும் வரைக்கும் கடல் காத்துக்கொண்டிருக்கும், நாம் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு அவர்களே பேசி, அவர்களே பஸ் பிடித்து, அவர்களே சோறு கட்டிக்கொண்டு, விடிவதற்குள் மலையிறங்கிவிட்டார்கள். "உங்களுக்கு முதலே சொல்லேல்லை. சொல்லிப்போட்டு ஏதும் தடங்கல் வந்தால் எண்டு பயம்" என்றார்.

மறைக்க மாட்டேன், நைனா. ஒரு நிமிஷம் எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் சொன்ன வாக்கு, நான் இல்லாமலே நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் முதல் தடவை தண்ணீரில் கால் வைக்கிற அந்த நேரத்தில் நான் ராயபுரத்தில் துவரம்பருப்பு கட்டிக்கொண்டிருக்கிறேன். "பிள்ளைங்க பயந்துடுச்சா டீச்சர்?" என்று கேட்டேன். "முதல்ல அழுதுதுகள். இப்ப கூப்பிட்டாலும் வருதுகளில்லை. தாய்மார் அதைவிட மோசம். பிள்ளையளைப் பிடிக்க எண்டு வந்ததுகள், இடுப்பளவு தண்ணியில நிண்டு சிரிக்குதுகள்." பிறகு போனைத் தள்ளிப் பிடித்து, "தர்ஷினி! இந்தியா அன்ரி லைன்ல நிக்கிறா, ஓடி வாங்கோ, கதைங்கோ!" என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அலைக்கு நடுவிலிருந்து, எங்கோ தூரத்தில், ஒரு குரல், "பொறகு!" என்றது. அவ்வளவுதான். "குறை நினைக்காதேங்கோ அக்கா, ஒண்டும் வருதில்லை" என்றார் டீச்சர். "வுடுங்க டீச்சர், விளையாடட்டும். நீங்க எறங்கலியா?" என்றேன். "எங்கட வீட்டு வாசல்லயே கடல்தான் அக்கா. மலைக்கு வந்து எத்தினை வருசம். இண்டைக்கு வரைக்கும் இறங்கேல்லை" என்றார். பிறகு, "செருப்பைக் கழட்டிட்டன், போனை ஆரிட்டக் குடுக்கிறதெண்டுதான் பாக்கிறன்" என்றார். "வைங்க டீச்சர், மொதல்ல போனை வைங்க" என்று நானே சொன்னேன். வைத்துவிட்டார்.

சுருக்கென்று இருந்தது எங்கே போனது என்று தெரியவில்லை. எதிரே தேசம்மா சர்க்கரைக்கு நின்றுகொண்டிருந்தாள். "இன்னாக்கா, போனை வச்சிகினு தனியா சிரிச்சிகினு கீறே, இன்னா விசேஷம்?" என்றாள்.

"நம்ம பசங்கல்லாம் கடல்ல கீறாங்க தேசம்மா" என்றேன். "கூப்ட்டா வர மாட்டேங்குறாங்க."

நல்லபடியாகப் போ, நைனா.

அம்மா